அழிக்கும் முன் திறந்து பார்த்தீர்களா?

2017 ஜனவரி 31 இரவு. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், துணைத் தரவுதள சர்வர் ஒன்று முதன்மை சர்வரோடு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று பொறியாளர் ஒருவர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். அது போய் இறங்கியதோ முதன்மை சர்வரில். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

கை தவறுவது யாருக்கும் நேரும். பேக்அப்பைத் தேடிப் போனபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. தரவுதளம் போஸ்ட்கிரெஸ் 9.6. அன்றாடம் பேக்அப் எடுக்க வேண்டிய கருவியோ 9.2 பதிப்பு. ஆகவே ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றுபோயிருக்கிறது. நகல்கள் சேர வேண்டிய கிளவுட் கிடங்கு காலி. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கிளம்பத்தான் செய்தன. அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. யாருக்கும் சேதி போகவில்லை.

கடைசியில் கைகொடுத்தது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதுவும் வேகம் குறைந்த டிஸ்க்கில் கிடந்ததால், திரும்ப நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. நிரல்கள் தப்பின. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயின: சுமார் 5,000 புராஜெக்டுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர்கள் என்று பாதிப்பு நீண்டது. நிறுவனம் எதையும் மூடி மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, முழு அறிக்கையும் வெளியிட்டது. மனதாரப் பாராட்ட வேண்டிய செயல்.

நம் வீட்டு, கடைக் கம்ப்யூட்டர்களிலும் கதை இப்படித்தான் போகிறது. சிஸ்டம் மெதுவாகிவிட்டது, ஃபார்மட் அடிக்க வேண்டும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாகச் சொல்கிறோம். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி-யும் டி-யும் ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள். பார்ட்டிஷன்களை நீக்கிவிட்டு விண்டோஸ் போட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்துவிட்டு அங்கிருந்தும் போய்விடும்.

தமிழில் டிடிபி வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கும். திறந்தால் பக்கம் முழுக்கப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். ஃபைல் கெட்டுவிட்டதென்று பதறத் தேவையில்லை. எழுத்துரு, விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. டாகுமென்ட்ஸை மட்டும் நகலெடுத்தவர் அதை விட்டுவிட்டார். அதே எழுத்துருவை மறுபடி நிறுவினால் தமிழ் வந்துவிடும். கிடைப்பதற்கு அரிதான எழுத்துரு என்றால் திண்டாட்டம்தான். அதனால் எழுத்துருக்களையும் சேர்த்தே நகலெடுங்கள்.

நகல் முடிந்தது என்று திரை சொல்வதை மட்டும் நம்பி டிரைவை அழிக்கக் கூடாது. வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். மிகப் பழைய ஃபைல் ஒன்று, மிகப் பெரிய வீடியோ ஒன்று, கணக்கு ஃபைல் ஒன்று என நாலைந்தைத் திறந்து பாருங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகலாம். சர்வீஸ் செய்பவர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்யாமல் அழித்துவிட்டால்? பழைய ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் என்றால் நம்பிக்கை உண்டு. அது பெயர்ப் பட்டியலைத்தான் நீக்குகிறது. மேலே வேறொன்று எழுதப்படும் வரை தரவு அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டி அப்படியல்ல. எந்தெந்த இடம் இனி தேவையில்லை என்பதை டிரிம் என்ற கட்டளை வழியாக விண்டோஸ் தெரிவித்துவிடுகிறது. டிரைவ் தானாகவே அவற்றைத் துடைத்துவிடும். அதன்பின் மீட்பு மென்பொருளுக்குப் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. எந்த வகை டிரைவ் ஆனாலும் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, அதைக் கழற்றித் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். மீட்பு மென்பொருளை அதே டிரைவில் நிறுவ வேண்டாம். மீட்க நினைக்கும் ஃபைலின் மேலேயே அது எழுதப்பட்டுவிடலாம்.