டர்பைன் வந்தது, முந்திரி போனது!

ஆண்டிமடம், ஜெயங்கொண்டம்காரர்களுக்கு நெய்வேலி ஒரு பஸ் தூரம். அங்கே வேலை பார்த்த தாத்தாக்கள் 'ரஷ்யாக்காரன் கட்டுன பிளான்ட்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அது இனாம் அல்ல, கடன். 1957-ல் சோவியத் யூனியன் இந்தியாவுக்குக் கொடுத்த 50 கோடி ரூபிளில் ஒரு பங்குதான் நெய்வேலி அனல் மின்நிலையம். வட்டி இரண்டரை சதவிகிதம், தவணை 12 வருடம். அதைவிடப் பெரிய சலுகை, கடனை ரூபாயிலேயே அடைக்கலாம் என்பது. நம்மிடம் அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த ரூபாயில் மாஸ்கோ இங்கேயே தேயிலை, சணல், தோல், முந்திரி வாங்கிக்கொண்டது. ஆண்டிமடத்து முந்திரிக்காட்டுக்காரர்கள் இதைப் படித்தால் மீசையை முறுக்கலாம்!

வேடிக்கை என்னவென்றால், சுரங்கத்தில் மண் வெட்டிய ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியுடையவை. பனிப்போரில் முறைத்துக்கொண்டவர்கள் நெய்வேலியில் ஒரே வேலையைப் பார்த்தார்கள்.

1962-ல் முதல் யூனிட் ஓடியது. 1970-ல் ஒன்பது யூனிட்டும் சேர்ந்து 600 மெகாவாட். 2020-ல் நிறுத்தினார்கள்.

திருவெறும்பூர் பாய்லர் ஆலைக்குக் கை கொடுத்தது செக்கோஸ்லோவாகியா. ஆண்டு 1965, பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டம்தான். அந்த நாடே இன்று வரைபடத்தில் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த பெரம்பலூர்ப் பிள்ளைகள் மட்டும் அப்ரன்டிஸ் பயிற்சிக்கு இன்னும் அங்கே விண்ணப்பிக்கிறார்கள்.