பியூஜி மலைப்பாதைகளும் சமூக மாற்றமும்

யப்பானின் அதியுயர் சிகரமான பியூஜி மலை (3,776 மீற்றர்) அந்நாட்டின் அழகுச் சின்னமாகவே பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின், அதன் மீதேறும் பாதைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, புனிதத்தை அணுகும் உரிமை எவரிடம் இருந்தது என்னும் வினாவே மேலோங்கி நிற்கின்றது.

பியூஜி ஓர் எரிமலை. 1707 ஆம் ஆண்டில் இறுதியாகக் குமுறிற்று. பண்டைய மக்கள் அதனை அஞ்சித் தொலைவில் நின்றே வணங்கினர். அதன் சீற்றத்தைத் தணிக்கும் பொருட்டே அடிவாரத்தில் செங்கென் ஆலயங்கள் எழுந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மத்சுதாய் என்னும் பௌத்த துறவி பன்முறை மலையேறி, 1149 இல் உச்சியில் ஆலயம் ஒன்றை அமைத்தார். அதன்பின் தென்மேற்கே முரயாமா வழியாக மலைத்தவம் புரிவோர் ஏறலாயினர்.

எடோ காலத்தில் (1603–1868) இந்நிலை மாறிற்று. இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரின் வணிகரும் கைவினைஞரும் 'பியூஜி-கோ' எனும் வழிபாட்டுச் சங்கங்களை அமைத்தனர். உறுப்பினர் சிறுதொகை சேர்த்து, முறைவைத்துச் சிலரைத் தம் சார்பில் மலைக்கு அனுப்பினர். வடக்கேயுள்ள யொஷிதாவில் 'ஒஷி' எனப்பட்ட பூசகர் இவர்களுக்குத் தங்குமிடம் அளித்தனர். யொஷிதாப் பாதை செழித்தமை இதனாலேயே. இவ்வியக்கத்தின் வழிகாட்டிகளுள் ஒருவரான ஜிக்கிக்யோ மிரொக்கு ஓர் எண்ணெய் வணிகர். தத்தம் தொழிலை நேர்மையுடன் செய்தலே வழிபாடு எனவும், பெண்கள் தீட்டுடையோர் அல்லர் எனவும் போதித்த அவர், 1733 இல் மலைமீது உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். அரசு இச்சங்கங்களைப் பன்முறை தடைசெய்தமை வியப்பன்று.

எனினும் பெண்களுக்கு உச்சி மறுக்கப்பட்டே இருந்தது. 1832 இல் தக்கயாமா தத்சு என்னும் பெண் ஆணுடை தரித்தே உச்சியை அடைய வேண்டியிருந்தது. 1872 இல் மெய்ஜி அரசு தடையை நீக்கிற்று. அதே அரசின் கொள்கையே ஷிந்தோவையும் பௌத்தத்தையும் வலிந்து பிரித்து, உச்சியிலிருந்த புத்தர் சிலைகளை அகற்றவும் காரணமாயிற்று. ஆகவே, தடைநீக்கத்தை மக்களுரிமையின் வெற்றியாக மட்டும் கொள்ளல் பொருந்தாது.

இன்று யொஷிதா, சுபஷிரி, கொத்தெம்பா, பியூஜினோமியா என நான்கு பாதைகள் வழக்கிலுள்ளன. இவற்றுட் கொத்தெம்பாப் பாதை ஏறத்தாழ 1,440 மீற்றரில் தொடங்குவதால் மிக நீண்டது. 1964 இல் திறக்கப்பட்ட மோட்டார் வீதி, யொஷிதாப் பாதையின் 'ஐந்தாம் நிலை' வரை, அதாவது 2,305 மீற்றர் வரை, பயணிகளைக் கொண்டு சேர்த்தது. அடிவாரத்திலிருந்து நடந்தேறும் யாத்திரை இதனால் அருகிற்று. வழியிலிருந்த தேநீர்க் கடைகளும் விடுதிகளும் கைவிடப்பட்டன. யாத்திரிகரின் இடத்தை உல்லாசப் பயணி பிடித்துக் கொண்டார்.

2013 இல் யுனெஸ்கோ இம்மலையை உலக மரபுரிமையாக ஏற்றபோது, இயற்கைச் செல்வமாக அன்றிப் பண்பாட்டுச் செல்வமாகவே பதிவு செய்தது. சன நெருக்கடி காரணமாக 2024 இல் யொஷிதாப் பாதையில் 2,000 யென் கட்டணமும் நாளொன்றுக்கு 4,000 பேர் என்ற வரையறையும் விதிக்கப்பட்டன. 2025 இல் நான்கு பாதைகளிலும் கட்டணம் 4,000 யென் ஆயிற்று. மலையைக் காத்தல் இன்றியமையாததே. ஆயினும், தீட்டின் பெயரால் அன்று மூடப்பட்ட வழி பணத்தின் பெயரால் எளியோருக்கு மூடப்படலாகாது. வறியோர் சிறுதொகை சேர்த்து ஒருவரையேனும் உச்சிக்கு அனுப்பிய பியூஜி-கோவின் கூட்டுமுறை, இவ்வகையில் மீளாய்வுக்கு உரியதாகும்.