படைக் களஞ்சியமும் காத்திருப்புக் காலமும்

கொடிகாமத்தில் கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் சந்திக்கின்றன. 2006 ஆகஸ்டில் அதற்குக் கிழக்கே முகமாலையில் கண்டி வீதி அடைபட்டது. 2009 வரை குடாநாட்டின் படைமுகாம்களும் மக்களும் கடலையும் வானையுமே நம்பியிருக்க நேர்ந்தது. பண்டம் கேட்ட நாளுக்கும் அது கைசேரும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தின் அருமையை அவ்வாண்டுகள் உணர்த்தின.

கணக்கு எளிது. நாளொன்றுக்கு 10 மூடை அரிசி செலவாகும் களஞ்சியம் ஒன்றைக் கருதுவோம். அரிசி வந்துசேர 7 நாளாகுமெனின், 70 மூடை எஞ்சியிருக்கும்போதே அடுத்ததைக் கேட்டல் வேண்டும். 30 நாளாகுமெனின் 300 மூடை. கப்பல் வரும் நாளும் உறுதியற்றதாயின், அதற்கு மேலும் ஒரு காப்பிருப்புத் தேவை. மூடை பெருகப் பெருகக் கூரையும் காவலும் பெருகவேண்டும். எலியோ கேளாமலே பெருகும்.

கடல்வழியைக் குறுக்குதல் எவர்க்கும் இயலாது. ஆயின் காலமெல்லாம் வழியிலேயே கழிவதில்லை. கேள்விப்பத்திரம், விலை ஒப்பீடு, ஒப்புதல் என மேசைகளிலும் கழிகின்றது. வழங்குநருடன் ஆண்டு ஒப்பந்தத்தை முன்னரே செய்துவைப்பின், தேவை எழுந்த அன்றே ஒரு கட்டளைத் தாள் போதும். அரிசி, பருப்புப் போன்ற நாளாந்தப் பொருள்களுக்கு இம்முறை நன்கு பொருந்தும். பிறநாட்டில் செய்வித்துப் பெறவேண்டிய இயந்திர உறுப்புகளுக்கோ அத்துணை பொருந்தாது. அவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்தலே தகும்.