விண்ணப்பத்தோடு ஒரு நோட்டுப் புத்தகம்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் என் தந்தையார் கேட்கும் கேள்வி ஒன்றே: "இந்தப் படிப்புக்கு என்ன வேலைப்பா கெடைக்கும்?" தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்று வருபவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அவருக்கு விடை சொல்லப் படித்த அண்ணனோ மாமனோ இல்லை. நானே தேட வேண்டியிருந்தது. தேடியதில் கண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வேலை கேட்பதற்கு நாம் அறிந்த வழி எது? பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், தெரிந்த மொழிகள் என ஒரு தாள். அதற்கு இருபது ஜெராக்ஸ். முதலாண்டு டிசம்பரில் நானும் அதைத்தான் செய்தேன். கோடையில் ஏதேனும் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தால் தேர்வுக் கட்டணத்துக்கு ஆகுமே என்ற எண்ணம். "சார் பாத்துட்டுக் கூப்பிடுவாரு" என்று எல்லா வாசலிலும் சொன்னார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஓரிடத்திற்கு மறுபடி சென்றபோது, என் தாளின் பின்பக்கத்தில் காவலாளி டீக் கணக்கு எழுதியிருந்ததைக் கண்டேன். கோபம் வரவில்லை. அதைவிட முக்கியமான செய்தி எதுவும் அந்தத் தாளில் இல்லை என்பதே உண்மை.

அந்நாளில்தான் மைக்கேல் பாரடேயின் வரலாற்றை நூலகத்தில் படித்தேன். மின்னாற்பகுப்பு விதிகளுக்காக அவர் பெயரை மனப்பாடம் செய்கிறோம். அவர் வேலை தேடிய கதை பாடநூலில் இல்லை. கொல்லரின் மகன். லண்டனில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் பதினான்கு வயதில் தொழில் பழகச் சேர்ந்து, கட்ட வந்த புத்தகங்களையே படித்து அறிவியல் கற்றவர். 1812-இல் கடைக்கு வந்த ஒருவர் தந்த அனுமதிச் சீட்டால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார்.

பிறகு அவர் எழுதிய இரண்டு கடிதங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த எளிய வேலையானாலும் போதும் என்று ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார், பதிலே இல்லை. டேவிக்கு எழுதியபோது, தாம் கேட்ட சொற்பொழிவுகளின் குறிப்புகளைப் படங்களோடு ஏறத்தாழ முந்நூறு பக்கம் எழுதி, தம் கையாலேயே அட்டை கட்டி உடன் அனுப்பினார். டேவி அழைத்துப் பேசினார். ஆனால் "புத்தகம் கட்டும் தொழிலையே விடாமல் பார்" என்றுதான் அறிவுரை சொன்னார்! பின்னர் ஆய்வுக்கூட உதவியாளர் சண்டையிட்டு வேலையை இழந்தபோதுதான் டேவிக்குப் பாரடே நினைவுக்கு வந்தார். 1813 மார்ச் 1-ஆம் நாள் வேலை. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறைகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் புத்தகம் காலியிடத்தை உண்டாக்கவில்லை. காலியிடம் வந்த நாளில், எண்ணற்ற இளைஞர்களுள் ஒருவரை நினைவில் நிறுத்தியது, அவ்வளவே.

நம் இராமானுஜனும் இவ்வழியில் நடந்தவரே. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர், எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. 1910-இல் அவற்றைத் திருக்கோவிலூருக்குக் கொண்டுசென்று, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும் டெபுடி கலெக்டருமான இராமசாமி ஐயரிடம் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். இத்தகைய திறமையை வருவாய்த்துறையின் அடிப்படியில் புதைக்க மனமில்லாமல், அவர் வேலை தராமல் சென்னை அறிஞர்களுக்குப் பரிந்துரைத்து அனுப்பினார். (பசியோடு வந்தவருக்கு அந்தப் பாராட்டு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.) 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளம் கிடைத்தது. மறு ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதினார்; அக்கடிதத்தோடும் தேற்றங்கள் நிறைந்த தாள்களை இணைத்திருந்தார்.

இவ்வழி எல்லா வேலைக்கும் பொருந்தாது. அரசுத் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் மதிப்பெண்தான் பேசும். நோட்டுப் புத்தகத்தை யாரும் திறக்க மாட்டார்கள். அதற்கு நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி என் நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். எங்கள் பேராசிரியரின் அனுமதியோடு, பிப்ரவரியிலிருந்து எங்கள் ஊரின் பதினாறு கிணறு, ஆழ்துளைக் கிணற்று நீரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து கடினத்தன்மை அளந்தேன். ஈ.டி.டி.ஏ. தரம் பார்த்தல் நம் அனைவருக்கும் தெரிந்ததே. ஒயின் சிவப்பு நீலமாக மாறும்போது நிறுத்த வேண்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாவிடில் 600 வரை என்பது இந்தியத் தர அளவு. கிணறுகளுக்கு எண்ணிட்டு, ஊரின் படம் வரைந்து, அளவுகளை எழுதினேன். என் தாயார் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் காலேஜு? எந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாதுன்னு நான் சொல்றேனே" என்றார். அவர் சொன்ன கிணறுகளில் ஒன்றைத் தவிர மற்றவை அனைத்திலும் கடினத்தன்மை மிகுதியாகவே இருந்தது. ஆகவே "பருப்பு வேகுமா?" என்று ஒரு பத்தியையும் சேர்த்தேன்.

நகரிலுள்ள ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அதை எடுத்துச் சென்றேன். உரிமையாளர் பருப்புப் பத்தியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஏழாம் நம்பர் மட்டும் ஏன் 410? அதுலயும் பருப்பு வேகாதுன்னு எழுதியிருக்கியே. எத்தன தடவ பாத்தே?" என்றார். ஒரே தடவை என்றேன். அந்தந்த நீராலேயே பாட்டிலை அலசினாயா என்றார். இல்லை என்றேன். "அப்ப மறுபடி பாத்துட்டு வா."

ஒரு வாரம் கழித்து, மூன்று முறை அளந்த கணக்கோடு சென்றேன். 640. என் தாயார் சொன்னதுதான் சரி.

மே மாதம் தொடங்கி நாற்பது நாள் வேலை கொடுத்தார்கள். நாளொன்றுக்கு முந்நூறு ரூபாய். பெரும்பாலும் பாட்டில் கழுவுவதும் சீட்டு ஒட்டுவதும்தான். தந்தையாரிடம் சொன்னபோது, "தண்ணியப் பாக்கறதுக்கும் சம்பளமா?" என்று வியந்தார். வரும் மே மாதமும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இம்முறை புளோரைடு அளக்கக் கற்றுத்தருவார்களாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். ஏழாம் எண் கிணற்றிலிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறேன். பாட்டிலை மட்டும் ஒழுங்காக அலச வேண்டும்.