இரண்டு கிளாஸ், இரண்டு பாட்டில்

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள் என்றுதான் ஸ்டீபன் முதலில் நினைத்தார். திரும்பிப் பார்த்தபோது சூசன்னாவின் கைகள் இரண்டும் விறைத்து முன்னால் நீண்டிருந்தன. கண்கள் மேலே செருகிக் கிடந்தன. இறுகிய பற்களுக்கிடையே ரத்தமும் நுரையும் வழிந்தன. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தார்.

2009ஆம் ஆண்டின் தொடக்கம். நியூயார்க்கில் ‘நியூயார்க் போஸ்ட்’ பத்திரிகையின் நிருபர் சூசன்னா கஹலனுக்கு அப்போது வயது 24. ஸ்டீபனுடன் பழக ஆரம்பித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த இரவைப் பற்றி சூசன்னாவுக்கு இன்றுவரை எதுவும் நினைவில்லை. பிற்பாடு தன் நோயைப் புத்தகமாக எழுதியபோது, பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதையும், அப்பாவின் குறிப்புகளையும், மருத்துவமனைப் பதிவுகளையும் வைத்தே அந்த நாட்களைக் கோத்தெடுத்தார்.

வலிப்புக்கு முன்பே சில வாரங்களாக அவர் நிலைகொள்ளாமல்தான் இருந்தார். படுக்கையில் மூட்டைப்பூச்சி இருப்பதாகப் பயம். இடது கையில் மரமரப்பு. தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, காதலன்மேல் திடீர்ச் சந்தேகம். முதலில் பார்த்த நரம்பியல் மருத்துவர், குடியும் கொண்டாட்டமும் அதிகமாகிவிட்டதால் வந்த கோளாறு என்றார். இரவில் இரண்டு கிளாஸ் ஒயின் குடிப்பதாக சூசன்னா சொல்லியிருந்தார். மருத்துவக் குறிப்பில் அது நாளுக்கு இரண்டு பாட்டில் ஆகிவிட்டது. ஒரு மனநல மருத்துவர் ‘பைபோலார்’ என்று முடிவுகட்டினார்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எதையும் காட்டிக்கொடுக்காதபோது, ‘இரண்டு பாட்டில்’ என்ற அந்த ஒற்றை வரிக்குப் பெரிய பலம் வந்துவிடுகிறது. அடுத்து வரும் மருத்துவர் அதைப் படித்துவிட்டுத்தான் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார். ‘என் மகள் அப்படிக் குடிப்பவள் இல்லை’ என்று அம்மா ஒப்புக்கொள்ள மறுத்தார். மருத்துவமனையில் சேர்த்து, மூளையின் மின்னலைகளை இரவு பகலாகக் கண்காணிக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். அப்படித்தான் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் இடம் கிடைத்தது.

அங்கே குடும்பம் முறைவைத்துக்கொண்டு காவல் இருந்தது. அப்பாவும் அம்மாவும் விவாகரத்து ஆனவர்கள்; நேருக்கு நேர் பேசிக்கொள்வது அரிது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அன்றன்று நடந்ததை மாறி மாறி அதில் எழுதிவைத்தார்கள். ஸ்டீபன் வேலை முடிந்து மாலையில் வருவார். அவள் தூங்கும்வரை கூடவே இருப்பார். பேச்சு குழறி, நடை தளர்ந்து, சிரிப்பு காணாமல்போன பெண்ணுக்குள் பழைய சூசன்னா இன்னும் இருக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

திருப்பம் ஒரு தாளில் வந்தது. புதிதாகப் பார்க்க வந்த நரம்பியல் மருத்துவர் சூஹெல் நஜ்ஜார் முதலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து கேட்டார். பிறகு, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். சூசன்னா வட்டம் போட்டு, ஒன்று முதல் 12 வரை எல்லா எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார். இடது பாதி வெறுமையாகக் கிடந்தது. பல லட்ச ரூபாய் ஸ்கேன்கள் சொல்லாததை அந்த வட்டம் சொன்னது: மூளையின் வலப்பக்கம் வீங்கி அழன்றுகொண்டிருக்கிறது.

மூளைத் திசுவின் பரிசோதனை அழற்சியை உறுதிசெய்தது. நோயின் பெயர், என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி. உடலின் நோய் எதிர்ப்புப் பொருள்களே மூளையின் ஏற்பிகளைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய் இது. டாக்டர் ஜோசப் டால்மவ்வின் குழு இதை அடையாளம் கண்டு பெயரிட்டது 2007ல்தான். அதாவது இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு. இந்த நோய் உறுதிசெய்யப்பட்டவர்களில் சூசன்னா 217ஆவது ஆள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் என்று சிகிச்சை தொடர்ந்தது. சில மாதங்களில் அவர் வேலைக்குத் திரும்பினார். ‘பிரெய்ன் ஆன் ஃபயர்’ என்ற அவருடைய புத்தகம் 2012ல் வெளிவந்தது. ஸ்டீபனும் அவரும் பின்னர் திருமணம் செய்துகொண்டார்கள்.

இது அரிய நோய். ஆனால் சூசன்னாவின் குடும்பம் பட்ட அலைச்சலில் பாதியாவது, லூபஸ், ஷோக்ரென், மயோசைட்டிஸ், மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஏதோ ஒரு ஆட்டோ இம்யூன் நோயின் பெயர் கிடைக்கும்வரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய எந்தத் தம்பதிக்கும் பழக்கமானதே. 2022 அக்டோபரில் நடிகை சமந்தா சொன்ன பிறகுதான் மயோசைட்டிஸ் என்ற சொல்லையே தமிழ்நாட்டில் பலர் முதல்முறை கேள்விப்பட்டார்கள். டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ், ஷோக்ரென் நோயால் 2011 அமெரிக்க ஓப்பனிலிருந்து விலகினார். உடம்பு சொன்னபடி கேட்கவில்லை என்பதை அதற்குப் பல வருடங்கள் முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

ஏன் இவ்வளவு தாமதம்? இந்த நோய்கள் ஓ.பி. நேரம் பார்த்து வருவதில்லை. மயஸ்தீனியாவில் தசைகள் பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்கின்றன. காலையில் பளிச்சென்று விழித்திருக்கும் கண், சாயங்காலம் பாதி மூடிக்கொள்கிறது. காலைப் பத்து மணிக்கு மருத்துவர் முன்னால் உட்காரும்போது எந்தக் குறையும் தெரியாது. லூபஸில் கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் சிவந்து படரும் தடிப்பு, அப்பாயின்ட்மென்ட் நாளுக்குள் மங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் கைவைத்ததும் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவக்கும் ரேனாட் மாற்றம் சில நிமிடங்களில் மறைந்துவிடும்.

பரிசோதனை முடிவுகளும் எப்போதும் கை கொடுப்பதில்லை. ஆட்டோ இம்யூன் சந்தேகம் வந்ததும் முதலில் எழுதித்தரப்படும் ஏ.என்.ஏ. பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தை 160 மடங்கு நீர்த்துப் பார்த்தாலும் ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது பாசிட்டிவ் வரும். மறுபக்கம், ஷோக்ரென் உள்ள சிலருக்கு ரத்தத்தில் எதுவும் தெரியாது. கீழுதட்டின் உள்பக்கத்திலிருந்து சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளை எடுத்துப் பரிசோதித்தால்தான் பிடிபடும். அந்தப் பரிசோதனைவரை போக வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்ற, யாராவது சரியான தகவலைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் தகவல் பெரும்பாலும் வீட்டில்தான் கிடக்கிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் கையூன்றாமல் எழ முடியவில்லை. கொடியில் துணி போடக் கை உயரவில்லை. தலை சீவும்போது பாதியில் சீப்பைக் கீழே வைத்துவிடுகிறார். தொடையும் தோளும் பலமிழக்கும் மயோசைட்டிஸின் அறிகுறிகள் இவை. ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்படுவது ஷோக்ரெனின் வறட்சியாக இருக்கலாம். காலையில் எழுந்து ஒரு மணி நேரம்வரை விரல்கள் மடங்காமல் இருந்தால், அது வேலைக் களைப்பா, முடக்குவாதமா என்று கேட்டாக வேண்டும். ‘உடம்பு வலிக்குது டாக்டர்’ என்ற ஒரு வரிக்குள் இவை எல்லாம் அமுங்கிவிடுகின்றன.

ஆட்டோ இம்யூன் நோயாளிகளில் பெரும்பான்மையோர் பெண்கள். லூபஸில் பத்தில் ஒன்பது பேர். ஆகவே இந்தச் சாட்சி வேலை பெரும்பாலும் கணவன்மாரின் தலையில் விழுகிறது. அதற்குப் பெரிய மருத்துவ அறிவு தேவையில்லை. காய்ச்சல் வந்த தேதிகள். மூட்டு இறுகியிருந்த நிமிடங்கள். தடிப்பு வந்த அன்றே தேதியோடு எடுத்த போட்டோ. சாயங்காலம் சரியும் இமையின் செல்போன் வீடியோ. சித்த மருந்து, மெடிக்கல் ஷாப் மாத்திரை உட்பட விழுங்கிய எல்லாவற்றின் பட்டியல். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பத்து ஃபைல்களைப் புரட்ட எந்த மருத்துவருக்கும் நேரமிருக்காது. ஒரு பக்கத்தைப் படிக்க இருக்கும்.

எந்த வாசலில் நிற்கிறோம் என்பதும் முக்கியம். மூட்டு வலி என்றால் நம்மில் பலர் நேராக எலும்பு டாக்டரிடம்தான் போகிறோம். மூட்டு நோய்களையும் ஆட்டோ இம்யூன் நோய்களையும் பார்க்க ருமட்டாலஜி என்று தனிப் பிரிவு இருப்பதும், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் அதற்கென நிபுணர்கள் இருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பழைய பதிவுகள் இல்லாமல் வேறிடம் போகவும் வேண்டியதில்லை. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. குறிப்பில் ‘இரண்டு பாட்டில்’ போல ஏதாவது ஏறியிருந்தால், அது கைக்கு வந்தால்தானே திருத்தச் சொல்லிக் கேட்க முடியும்?

துணைவர் கூட வருவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ‘என்னம்மா செய்யுது?’ என்று டாக்டர் கேட்பார். பதில் கணவரிடமிருந்து வரும். இரண்டாவது கேள்வியை டாக்டர் கணவரைப் பார்த்தே கேட்பார். மூன்றாவது கேள்வியில் அந்தப் பெண் அந்த அறையிலேயே இல்லாதவர் ஆகிவிடுவார். வலியை அவர்தான் சொல்ல வேண்டும். விட்டுப்போன தேதியை எடுத்துக்கொடுப்பதும், ‘இதுக்கு வேற என்ன காரணம் இருக்கலாம் டாக்டர்?’ என்று கடைசியில் கேட்பதும் கணவரின் பங்கு.

ஆஸ்பத்திரியைவிட வீட்டில்தான் வாதாட வேண்டிய இடங்கள் அதிகம். ‘பார்க்க நல்லாத்தானே இருக்கா’ என்று சொல்லும் சொந்தக்காரர்கள் உண்டு. அடுத்தடுத்துக் கரு கலைந்ததற்கு மருமகளைக் குற்றம் சொல்லும் மாமியார் உண்டு. ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற ஆட்டோ இம்யூன் கோளாறு ரத்தத்தை உறையவைத்துக் கருவைக் கலைக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு போட்டால் உடம்பு ஊதிவிடும், நாளைக்கே நிறுத்து என்பார் ஒரு பெரியப்பா. பல வாரங்கள் தொடர்ந்து எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்கள் எல்லோருக்கும் நோயாளியே பதில் சொல்லிக்கொண்டிருந்தால், இருக்கிற கொஞ்சம் தெம்பும் அதிலேயே தீர்ந்துவிடும்.

சில நாடுகளில் வீட்டாரின் வார்த்தைக்கு நடைமுறை அந்தஸ்தே கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மூன்று வயதுகூட நிறையாத ரயன் சாண்டர்ஸ் 2007ல் இறந்த பிறகு, பெற்றோரின் கவலை காதில் விழவில்லை என்ற வேதனையிலிருந்து ‘ரயன் விதி’ பிறந்தது. இங்கிலாந்தில் 13 வயது மார்த்தா மில்ஸின் மரணத்துக்குப் பிறகு, 2024 முதல் ‘மார்த்தா விதி’ நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தினர் கருதினால், வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்கும்படி அவர்களே அழைக்கலாம்.

சூசன்னா குணமான பிறகு, தன் அனுபவத்தைச் சொல்ல ஒரு மனநல மருத்துவமனைக்குப் போயிருந்தார். அவர் பேசியதைக் கேட்ட மருத்துவர்களுக்கு, தங்களிடம் இருந்த ஒரு நோயாளியின் நினைவு வந்தது. சூசன்னாவைப் போலவே இளம்பெண். ஸ்கிசோஃப்ரீனியா என்று சொல்லி வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. பரிசோதித்துப் பார்த்தார்கள், அதே மூளையழற்சி. சூசன்னாவுக்கு நோய் என்னவென்று தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகள். பெயர் தெரிந்து சிகிச்சை கிடைத்தபோது, பழைய நிலைக்கு அவர் முழுதாகத் திரும்ப முடியாத அளவுக்கு மூளை சேதமாகியிருந்தது.