பஞ்சலிங்க அருவிக்குப் போறீங்களா? முதலில் மலையைப் பாருங்க!

வாரம் முழுக்க பனியன் கம்பெனி இரைச்சலில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்காவது போகலாம் என்று நினைக்கிறீர்களா? திருப்பூர் மாவட்டத்திலேயே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள திருமூர்த்தி மலைதான் அது.

அடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர் கோயில். அங்கிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகக் காட்டு வழியாக, ஆற்றோரமாகவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் பஞ்சலிங்க அருவி. குழந்தைகளும் நடக்கக்கூடிய பாதைதான்.

வெயிலடித்தாலும் வெள்ளம் வரும்

இது பாலாறு (வேலூர் பாலாறு வேறு). மேலே குருமலை, குழிப்பட்டி மலைப்பகுதிகளில் பெய்யும் மழை செங்குத்தான சரிவுகளில் இறங்கி, மொத்தமாக இந்த ஓடையில் சேர்கிறது. அதனால் அடிவாரத்தில் ஒரு துளி மழைகூட இல்லாதபோதும் சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். 2008-ல் இப்படி வந்த திடீர் வெள்ளத்தில் சுற்றுலாப் பயணிகள் பலர் உயிரிழந்தனர். "வானம் தெளிவாத்தானே இருக்கு" என்று மட்டும் நினைக்காதீங்க.

கிளம்பும் முன் செல்போனில்

* தமிழ்நாடு அரசின் 'டிஎன்-அலர்ட்' செயலியில் மழை எச்சரிக்கையைப் பாருங்கள். உடுமலை மட்டுமல்ல, மலைப்பகுதிக்கும் பாருங்கள்.
* அருவியில் குளிக்கத் தடை இருக்கிறதா என்று செய்திகளில் பாருங்கள், கோயிலிலும் கேளுங்கள்.
* காட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

ஆறு காட்டும் அறிகுறிகள்

தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா? சருகும் குச்சியும் அடித்து வருகிறதா? இரைச்சல் கூடுகிறதா? உடனே கரையேறுங்கள். ஓடையைக் கடக்கவோ, ஓரமாகவே கீழே ஓடவோ வேண்டாம். பக்கவாட்டு மேட்டுக்குப் போங்கள். பை, செருப்பு, செல்போன் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். செல்ஃபியும் வேண்டாம்.

அவசரத்துக்கு

எல்லா அவசர உதவிக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

தடை போட்டிருந்தால் கோயிலையும் திருமூர்த்தி அணையையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அருவி எங்கேயும் போகாது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரலாம்.