பழைய காருக்குப் புதிய கூண்டு: உருவம் யாருக்குச் சொந்தம்?

சாலையோரத்தில் ஒரு சிவப்பு நிறக் கார் வந்து நிற்கிறது. நீண்ட முகப்பு, தாழ்ந்த உடல், வளைந்த முதுகு. "ஆகா, ஃபெராரி!" என்று பார்த்தவர்கள் கூடிவிடுகிறார்கள். காருக்குரியவர் சிரித்துக்கொண்டே எஞ்சின் மூடியைத் திறந்து காட்டுகிறார். உள்ளே இருப்பது செவர்லே கார்வெட் எஞ்சின். அடிச்சட்டமும் அதனுடையதே. மேலே இருக்கும் கூண்டு மட்டும் கண்ணாடி நாரிழையில் வார்த்த நகல்.

விற்றவர் உண்மையைச் சொல்லித்தான் விற்றார். வாங்கியவரும் தெரிந்தேதான் வாங்கினார். அப்படியிருக்க, இதில் சட்டம் தலையிடுவானேன் என்று தோன்றும். இதே கேள்விக்கு 1991-ஆம் ஆண்டில் அமெரிக்க அப்பீல் கோர்ட் ஒன்று பதில் சொல்லியிருக்கிறது.

தெருவில் நிற்பவரின் கண்

ஃபெராரி கம்பெனி 1969 முதல் 1973 வரை 'டேடோனா' என்ற காரைத் தயாரித்தது. அதிலே கூரை திறந்த 'ஸ்பைடர்' ரகம் நூற்றுச் சொச்சமே வெளிவந்தது. வழக்கு நடந்த நாளில் அசல் ஸ்பைடர் ஒன்றின் விலை 10 லட்சம் முதல் 20 லட்சம் டாலர். அமெரிக்கர் ஒருவர் அதன் கூண்டை அச்செடுத்து, 'மயாமி ஸ்பைடர்' என்று பெயரிட்டு, ஏறத்தாழ 8,500 டாலருக்கு விற்றார். வாங்குபவர் அதைக் கார்வெட் அடிச்சட்டத்தின் மேல் முடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். 'மயாமி வைஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரின் சாகசக் காட்சிகளுக்காக 'டெஸ்டரோசா' காரின் நகலையும் செய்து கொடுத்தவர் இவர்.

ஃபெராரி வழக்குத் தொடுத்தது. "என்னிடம் வாங்குகிற எவரும் ஏமாறவில்லை" என்ற பிரதிவாதியின் வாதம் எடுபடவில்லை. வாங்கியவருக்குத் தெரியும், தெருவில் அந்தக் காரைப் பார்ப்பவருக்குத் தெரியுமா என்பதே கோர்ட்டின் கேள்வி. மலிவான நகல்கள் பெருகினால் அசலின் அருமை குறையும். நகலில் காணும் கோளாறும் அசலின் பெயரைக் கெடுக்கும். பெயர்ப் பலகை இல்லாவிட்டாலும், அந்த உருவமே கம்பெனியின் அடையாளம் என்று தீர்ப்பாயிற்று. நீதிபதிகளில் ஒருவர் மட்டும், வாங்குபவர் குழம்பாத இடத்தில் இவ்வளவு தூரம் போகக்கூடாது என்று மாறுபட்டார்.

மூன்று வேலிகள்

காரின் உருவத்தைச் சுற்றிச் சட்டம் மூன்று வேலிகளைப் போடுகிறது. முதலாவது, வடிவப் பதிவு. இதன் ஆயுள் குறைவு. அரை நூற்றாண்டு கண்ட பழைய கார்களுக்கு இது என்றோ காலாவதியாகியிருக்கும். இரண்டாவது, வணிக அடையாளம். பயன்படுத்திவரும் வரையில் இதற்கு முடிவே கிடையாது. மூன்றாவது, பதிப்புரிமை. காரையும் சிற்பம்போல் ஒரு கலைப் படைப்பு என்று ஒப்புக்கொண்டால், ஐரோப்பாவில் அதை வரைந்தவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை இந்த வேலி நிற்கும். எந்த வேலி எந்தக் காருக்குப் பொருந்தும் என்பதில்தான் அறிஞர்களே முரண்படுகிறார்கள்.

ஜாகுவார் கம்பெனியின் 'சி டைப்' காரைப் பாருங்கள். 1951-லும் 1953-லும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வெற்றி பெற்ற கார் இது. கட்டியவை 53 மட்டுமே. உருவத்தை வகுத்த மால்கம் சேயர் 1970-ல் காலமானார். கலைப் படைப்பு என்றால், அந்த உருவம் 2040 முடிய யாரும் தொட முடியாதது.

ஸ்வீடன் நாட்டுத் தம்பதியர் இருவர், இந்தக் காரின் நகலைக் கட்டினார்கள். மேலும் சில கட்டவும் எண்ணினார்கள். ஜாகுவார் அவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. 2020-ல் கீழ்க் கோர்ட், இது கலைப் படைப்பே என்று சொல்லித் தடை விதித்தது. கம்பெனியின் வழக்குச் செலவையும் தம்பதியர் தலையில் சுமத்தியது. அடுத்த ஆண்டிலேயே, தானே புதிதாகச் சில 'சி டைப்' கார்களைக் கட்டி விற்கப்போவதாக ஜாகுவார் அறிவித்தது. பழைய உருவத்தில் இன்றும் பணம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் 2023-ல் மேல் கோர்ட் அந்தத் தீர்ப்பைப் புரட்டிவிட்டது. தம்பதியர் வென்றார்கள். எனினும் இடைப்பட்ட ஆண்டுகளின் கவலைக்கு யார் ஈடு செய்வது?

பொம்மைக்கு உண்டு, காருக்கு இல்லை

இத்தாலியின் கதை இன்னும் வேடிக்கையானது. ஃபெராரி '250 ஜி.டி.ஓ.' கார் 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே கட்டப்பட்டது. 2018-ல் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2019-ல் பொலோனா நகரக் கோர்ட், இது கலைப் படைப்பு என்று ஒப்புக்கொண்டது. மறு ஆண்டிலேயே ஐரோப்பிய அறிவுச் சொத்து அலுவலகம், இதே உருவத்தின் வணிக அடையாளப் பதிவை, பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் ரத்து செய்தது. பொம்மைக் கார்களுக்கு மட்டும் பதிவு தப்பியது. ஒரு வேலி நிற்க, பக்கத்து வேலி விழுந்தது!

அமெரிக்கா 2015-ல் நடுவழி ஒன்றைக் கண்டது. 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரின் உருவில், சிறு தயாரிப்பாளர் ஒருவர் ஆண்டுக்கு 325 நகல்கள் வரை கட்டி விற்கலாம். புதிய கார்களுக்குரிய மோதல் சோதனை விதிகள் இவற்றுக்கு இல்லை; புகை விதிகள் உண்டு. ஆனால் உருவத்துக்கு உரிமை பெற்றவரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

நகலை அசலென்று சொல்லி, பழைய அடிச்சட்ட எண்ணை ஒட்டி விற்றால் அது மோசடி. எந்த நாட்டிலும் தண்டனைதான். அதனால்தான் பிரிட்டனில், வயதோ பூர்வீகமோ ஐயத்துக்கு இடமான வண்டிகளுக்கு 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் தனிப் பதிவெண் தருகிறார்கள். பார்த்த உடனே விஷயம் விளங்கிவிடும்.

ஆகவே கூண்டு கட்ட விரும்புவோர் ஒன்றை மறக்கக்கூடாது. உண்மையைச் சொல்லி விற்பது மோசடிக் குற்றத்திலிருந்து காப்பாற்றும். உருவத்தின் சொந்தக்காரரிடமிருந்து காப்பாற்றாது. அந்த அமெரிக்கர் பொய் சொல்லவில்லை, தோற்றார். ஸ்வீடன் தம்பதியரும் பொய் சொல்லவில்லை; வென்றார்கள். வித்தியாசம் நேர்மையில் இல்லை. எந்த நாடு, எந்த வேலி என்பதில் இருக்கிறது. அச்சு வார்க்கப் பணம் போடுமுன் வக்கீலுக்குச் சிறிது செலவிடுவதே புத்திசாலித்தனம்.